இன்ஜினுக்காகப் போட்ட மொட்டை

மொட்டை போட உட்கார்ந்திருந்தேன். திருமலையில், முடி இறக்கும் கல்யாணக் கட்டையில், ஈரத் தரையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. எனக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனவருடைய முடி என் கால் விரல்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது. நாவிதர் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பரபரவென்று தேய்த்தார். முதுகெல்லாம் சிலிர்த்தது.

"ஏமி மொக்கு?" என்றார். என்ன வேண்டுதல் என்று கேட்கிறார். கல்யாணமா, குழந்தையா, உடம்புக்கா என்று அவரே மூன்று பதிலும் எடுத்துக் கொடுத்தார்.

"இன்ஜின்," என்றேன்.

கை நின்றது. ரயிலா என்று கேட்டார். இல்லை, கார் என்றேன். உங்கள் காரா என்றார். இல்லை, இன்னொருவருடையது என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியை மட்டும் இன்னொரு தடவை தீட்டிக்கொண்டார்.

அந்த நாளில் எனக்கு நல்ல முடி. முன்னால் ஒரு அலை, பக்கவாட்டில் ஒரு வகிடு. கடைக் கண்ணாடியில் தினம் நாலு தடவை பார்த்துக்கொள்வேன். இப்போது அந்த வேலை மிச்சம். ஆனால் இப்போது போனது தானாகப் போனது. அன்றைக்குப் போனது என் வாயால் போனது.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு பண்டிதர்

சித்தூரில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் நான் கவுண்டரில் நின்ற கதையைப் போன வாரம் சொன்னேன். அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்ததைச் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம்.

ஒரு நாள் லாரிக்காரர் ஒருவர் பழைய பேப்பரில் எதையோ சுற்றி எடுத்து வந்தார். அவர் பிரிப்பதற்கு முன்பே, "ஸ்டீயரிங் பால் ஜாயிண்டுதானே?" என்றேன். அவர் வாயைப் பிளந்தார். முந்தின நாளே அவருடைய கிளீனர் வந்து, ஓனர் நாளைக்கு இன்னது எடுத்துக்கொண்டு வருவார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் ஊரெல்லாம் நான் 'பார்ட்ஸ் பண்டிதர்' ஆகிவிட்டேன்.

ஒன்றுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. சாமானைக் கையில் வாங்கினால் அசலா, பஜார் சரக்கா என்று எடையில் சொல்வேன். பழைய இங்கிலீஷ் வண்டியின் பளபளப்பு லேசாக மஞ்சளடிக்கும். அது நிக்கல். பிற்பாடு வந்த குரோமியம் நீலமடிக்கும். போல்ட்டுக்கு நம்மிடம் இருக்கிற ஸ்பானர் எதுவும் உட்காரவில்லை என்றால் அது அநேகமாக அசல்தான். இதெல்லாம் கேட்டலாக்கைப் படித்தும், வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டும் வந்த ஞானம். ஒரு வண்டியின் பானட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டது மட்டும் கிடையாது. சட்டை அழுக்காகும் என்று பயம்.

இருந்த இடத்திலேயே இருந்தோம்

கன்னியப்பன் ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். திருத்தணிப் பக்கம் ஒரு ஜமீனில் டிரைவராக இருந்தவர். ஜமீன் போனபோது, கூலிக்குப் பதிலாகவோ பிரியத்தினாலோ, பழைய காரை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அதைத் திருப்பதிக்குக் கொண்டுவந்து, ரேணிகுண்டா ஸ்டேஷனில் இறங்குகிற யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். திருச்சானூர், காளஹஸ்தி எல்லாம் போவார். வேறு பிழைப்பு இல்லை.

தமிழ், தெலுங்கு மாநிலங்களின் எல்லைப் பேச்சு அப்போதுதான் ஒருவழியாக முடிந்திருந்தது. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று சுவரெல்லாம் எழுதி, தொண்டை வறளக் கத்தி, கடைசியில் திருத்தணி தமிழோடு அந்தப் பக்கம், நாங்கள் தெலுங்கோடு இந்தப் பக்கம் என்று ஆனது. நாங்களெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். கோடுதான் நடந்து போனது.

கன்னியப்பன் காருக்கு அதில் சங்கடம் வந்தது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருந்த விலாசம் அந்தப் பக்கம் போய்விட்டது. வண்டியும் ஆளும் இந்தப் பக்கம். புதுப் புத்தகம் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார். இரண்டு விளக்கில் ஒன்று இல்லை, ஹாரன் இல்லை. அதைவிட, புத்தகத்தில் எழுதியிருக்கும் இன்ஜின் நம்பரை வண்டியில் காட்டு என்றார். கன்னியப்பனால் காட்ட முடியவில்லை. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். மூன்று மாதம் டைம் கொடுத்தார். அதுவரைக்கும் ஆள் ஏற்றக்கூடாது. அதற்குள் காட்டாவிட்டால் புத்தகம் ரத்து. புத்தகம் போனால் அது கார் இல்லை, நாலு சக்கரம் வைத்த தகரப் பெட்டி.

"உங்களாண்ட காட்டினா போதும்னாங்க சார். தொட்டுப் பார்த்தே சொல்லிடுவீங்களாமே," என்றார் கன்னியப்பன்.

எனக்கு வேண்டியது அதுதானே? அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் பஸ் ஏறினேன்.

மாறிப்போன பிள்ளை

கார், டாக்சி ஸ்டாண்டின் ஓரத்தில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. உயரமான, பெட்டி மாதிரியான இங்கிலீஷ் வண்டி. முன்னால் இருந்த பெயர்த் தகடு என்றைக்கோ விழுந்துவிட்டது. நானும் பெயரைச் சொல்லப்போவதில்லை. மற்ற டாக்சிக்காரர்கள் வண்டியைக் கழுவிக் கொடுத்து, அதில் கிடைப்பதை வைத்துக் கன்னியப்பன் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். ஜமீன் வண்டியை வெள்ளைச் சட்டையோடு ஓட்டியவர், வாளியும் கந்தலுமாக நின்றார்.

பானட்டைத் தூக்கினேன். இன்ஜினுக்கு இடது பக்கத்தில் புடைப்பாக ஒரு நம்பர் தெரிந்தது. கைக்குட்டையால் துடைத்துப் படித்தேன். புத்தகத்தில் இருந்த நம்பரோடு ஒரு இலக்கம்கூட ஒத்துப்போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். சுற்றி ஏழெட்டு டிரைவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் சேர்ந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது.

"இது உங்க வண்டியோட இன்ஜினே இல்ல," என்றேன்.

கன்னியப்பன் சிரித்தார். "நான்தான சார் ஓட்டிக்கினு கீறேன், அப்பலேர்ந்து."

"வேற வண்டியோடது. எப்பவோ மாறியிருக்கு."

அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. பிறகு அவரே சொன்னார். ஜமீனில் இதே மாதிரி இரண்டு கார் இருந்ததாம். பெரியவருக்கு ஒன்று, சின்னவருக்கு ஒன்று. கன்னியப்பனிடம் வந்தது பெரியவருடையது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரி வாயுவில் ஓடுவதற்காக இரண்டையும் ஒரே ஷெட்டில் ஒரே சமயத்தில் பிரித்துப் போட்டார்களாம். கரி வாயு என்றால், காருக்குப் பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு போவது. என் மாமா ஒருவர் அந்த மாதிரி வண்டியில் கல்யாணத்துக்குப் போனார். உடம்பெல்லாம் கரியோடு இறங்கியவரை மாப்பிள்ளை வீட்டார் சமையல்காரர் என்று நினைத்துக் கொல்லைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அது வேறு கதை.

பிற்பாடு சின்னவர் கார் உடைசலுக்குப் போனது. அதன் இன்ஜினை மட்டும் வெதுருகுப்பத்தில் ஒரு விவசாயக் குடும்பம் கிணற்றுப் பம்புக்கு வாங்கிப் போனது.

"அப்ப நான் இத்தினி வருசமா சின்னவரு இன்ஜினத்தான் ஓட்டிக்கினு இருந்தனா?" என்றார் கன்னியப்பன்.

பதிலுக்கு நான் தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரியில் மாறிப்போன பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர் அந்த இன்ஜினைப் பார்த்தார். அன்றைக்கு அதை நான் கவனித்ததாக ஞாபகம் இல்லை. இப்போதுதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

அலைச்சல்

முதலில் விளக்கையும் ஹாரனையும் தேடினோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ். பஸ் இல்லாவிட்டால் நடை. புத்தூர், நகரி என்று எத்தனை ஊர் போனோம் என்று கணக்கில்லை. பழைய காரின் சாமான் எங்கேயும் காணாமல் போவதில்லை. வேறு வேலைக்குச் சேர்ந்துவிடுகிறது. ஹாரன் ஒரு சோடா வண்டியில் இருந்தது. வண்டிக்காரர் அதை அமுக்கினால்தான் ஜனங்கள் வருவார்கள். பதிலுக்கு ஒரு பெரிய மணி வாங்கிக் கொடுத்து, அதை அடித்துக்காட்டி, ஜனங்கள் வருகிறார்களா என்று ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் கொடுத்தார்.

விளக்கு நகரியில், ஒரு நெசவாளர் வீட்டில், தறிக்கு மேலே கவிழ்ந்து தொங்கியது. உள்ளே பல்பு எரிந்தது. கண்ணாடியில் இருக்கும் வரிகளை மற்ற விளக்கோடு ஒப்பிட்டு, விளிம்பைச் சுரண்டி, மஞ்சள் நிக்கலைக் காட்டி, அசல் என்று அறிவித்தேன். அந்த வீட்டு அம்மாள், "அது எங்களுக்குத் தெரியாதா? அதனாலதான் மாட்டிக்கினு கீறோம்," என்றாள். அதற்குப் பதிலாக வேறு விளக்கு மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தால் கன்னியப்பன் நிற்பார். அவருக்கு இடம் கிடைத்தால் என்னை உட்கார வைத்துவிட்டு நிற்பார். அவர் நம்பின அளவுக்கு என்னை என் வீட்டில்கூட யாரும் நம்பியதில்லை.

கிணற்றடியில் ஒரு கற்பூரம்

வெதுருகுப்பத்தில், இன்ஜின் வாங்கின குடும்பத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டது மங்கம்மா என்கிற அம்மாள். கணவர் இருந்தார். தலையாட்டுவார். கிணற்றோரம் ஒரு சின்ன அறையில், இடது பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு இன்ஜின் உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெய்ப் புகையில் கன்னங்கரேல் என்று இருந்தது. மேலே ஒரு ஓரத்தில் மட்டும் சந்தனமும் குங்குமமும் அப்பி, காய்ந்து, மறுபடி அப்பி, அடை மாதிரி தடித்திருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த பொட்டு. நான் தேடின பக்கம் சுவரில் மறைந்திருந்ததால் நம்பரைப் பார்க்க முடியவில்லை. பார்க்கத்தான் வேண்டுமா என்ன? இரண்டே இன்ஜின். அது இல்லையென்றால் இதுதான்.

எங்கள் யோசனை சுலபம். கார் இன்ஜினை இங்கே வைப்பது, இதைக் காருக்கு எடுத்துப்போவது. திருப்பதியில் பாஷா என்கிற மெக்கானிக் கார் இன்ஜினைக் கழற்றி, நன்றாகத் தட்டிக்கொட்டிக் கொடுத்திருந்தார். அதை வேர்க்கடலை லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போயிருந்தோம். ஒரு இழுப்பில் பிடித்துக்கொண்டது. மங்கம்மாவின் இன்ஜினோ பத்து இழுப்புக்கு ஒரு தும்மல் போடும்.

அதுதான் அந்த அம்மாளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"ஏமய்யா, நல்லத குடுத்துட்டு கெட்டத எடுத்துக்கினு போறியே. உனக்கு என்ன லாபம்?"

நம்பர் கதையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நெல் பயிர் தண்ணீருக்கு நிற்கிற சமயம். நாளைக்கு வந்து திருப்பிக் கொடு என்று நின்றால் பயிர் என்ன ஆவது? ஏழுமலையான் பேரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். திரும்ப வந்து கேட்க மாட்டோம் என்று.

நியாயமாகக் கன்னியப்பன் செய்ய வேண்டிய சத்தியம். அவர் கையை நீட்டுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். நாங்கள் கொண்டுபோன இன்ஜின் மேல் எரிந்த கற்பூரத்தின் மேல் பட்டென்று உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. சுட்டதைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தேன்.

ஒரே நம்பர்

திருப்பதியில் பாஷா ஷெட்டில், வந்த இன்ஜினின் இடது பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். புடைப்பான நம்பர் மெதுவாக வெளியே வந்தது. படித்தேன். மறுபடி படித்தேன். கன்னியப்பன் ஆவலாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய இன்ஜினில் இருந்த அதே நம்பர். அச்சுப் பிசகாமல் அதே நம்பர்.

பாஷா எட்டிப் பார்த்தார். "இதையா சார் இத்தன நாளா தேடினீங்க? இது அச்சோட நம்பரு. இட்லித் தட்டுல அடையாளம் இருந்தா எல்லா இட்லியிலயும் அதே அடையாளம்தான வரும். இன்ஜினோட நம்பரு தனியா பஞ்ச் அடிச்சிருப்பான். வழவழன்னு சமமா ஒரு இடம் விட்டிருப்பான், அங்க."

"எங்க?" என்றேன்.

இன்ஜினில் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் மேல்தான் பொட்டு அடை. வைப்பவர் கையும் அங்கேதானே போகும்? மேடு பள்ளத்தில் யார் பொட்டு வைப்பார்கள்? பாஷா மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் தேய்த்து எடுத்தார். உளியால் குத்தினதுபோல இலக்கங்கள் வந்தன. புத்தகத்து நம்பர் இல்லை. அப்படியென்றால் சின்னவர் காரின் நம்பர்.

நான் கன்னியப்பனைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்க உங்க இன்ஜினுக்குப் பொட்டு எங்க வெப்பீங்க?"

"வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம அங்கதான சார் வெப்பேன்," என்றார். சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஷெட்டில் பிரித்துப் போட்டபோதும் பெரியவர் இன்ஜின் மாறவே இல்லை. அவர் ஓட்டிக்கொண்டிருந்தது அவருடையதேதான். அதைக் கழற்றி, லாரியில் ஏற்றி, கற்பூரம் அணைத்து, வெதுருகுப்பத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது நான். இன்ஸ்பெக்டர் கொடுத்த மூன்று மாதத்தில் நாலு நாள் பாக்கி.

கன்னியப்பன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய், யாருடைய வண்டியையோ கழுவ ஆரம்பித்தார்.

படிகள்

மறுநாள் வெதுருகுப்பத்தில், எங்கள் கண் முன்னாலேயே கார் இன்ஜினின் பொட்டை ஊறவைத்துத் துடைத்தார் மங்கம்மாவின் கணவர். புத்தகத்து நம்பர் அப்படியே இருந்தது. அதன் மேல்தான் நான் கற்பூரம் அணைத்திருக்கிறேன்.

சின்னவர் இன்ஜினையும் லாரியில் கொண்டுபோயிருந்தோம். பாஷா அதையும் ஒரே இழுப்பில் பிடிக்கிற மாதிரி செய்துகொடுத்திருந்தார். மங்கம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தியம்னா என்ன, சட்டையா? பத்தலன்னு கொண்டாந்து மாத்திக்கினு போறதுக்கு?"

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கெஞ்சவில்லை. அவருடைய காக்கிச் சட்டையில் மேல் பொத்தான் அன்றைக்குப் போடாமல் இருந்தது. அந்த அம்மாள் அவரை நெடுநேரம் பார்த்தாள்.

"கர்ப்பூரத்த அணச்சது யாரு?"

கன்னியப்பன் என்னைக் காட்டவில்லை. லாரி டிரைவர் காட்டினார்.

"அப்ப சாமிகிட்ட அவரே போயி பேசிக்கட்டும். மலைக்கு நடந்து போயி முடி குடுத்துட்டு வரட்டும். அப்பறமா எடுத்துக்கினு போங்க. பஸ்ஸுல போவக் கூடாது. போனா எனக்குத் தெரிஞ்சிடும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் இல்லை.

மலைப் படிகள் தொடங்கும் அலிபிரியில் ஏற ஆரம்பித்தேன். பாதிப் படிக்குமேல் முட்டி பிடித்துக்கொண்டது. என்னைவிட இரண்டு பங்கு வயதான அம்மாள் ஒருத்தி, படிக்குப் படி மஞ்சள் தடவிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். கவுண்டருக்குப் பின்னால் நிற்பதற்கென்றே செய்த கால்கள் எனக்கு. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். ஏறும்போது சாமியிடம் என்ன பேசுவது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொடு என்று கேட்டிருக்கலாம். அந்தச் சமயத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது.

அப்படித்தான் நாவிதர் முன்னால் வந்து உட்கார்ந்தேன். அலை, வகிடு எல்லாம் நாலே இழுப்பில் மடியில் விழுந்தது. தலையில் காற்றுப் பட்டது. தரிசனம் முடிந்து, இறங்கும்போதும் நடந்தே இறங்கினேன். வெதுருகுப்பம் போய் மங்கம்மா முன்னால் தலையைக் குனிந்தேன். சந்தனம் காயாத மொட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சரி, எடுத்துக்கினு போங்க," என்றாள். ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். அன்றைக்கே சின்னவர் இன்ஜினைக் கிணற்றடியில் பூட்டி, வயலுக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

நம்பர் படித்த நாள்

கடைசி நாளன்று இன்ஸ்பெக்டர் முன்னால் பானட்டைத் தூக்கினார் கன்னியப்பன். துடைத்த இடம் கண்ணாடி மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துத் தெலுங்கில் சொன்னார். குமாஸ்தா எழுதினார். இன்ஸ்பெக்டர் ஹாரனை அமுக்கிப் பார்த்தார். ரோட்டில் போன இரண்டு பேர் சோடா என்று நினைத்துத் திரும்பினார்கள். விளக்குகளைப் பார்த்தார். என் தலையையும் ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

புதுப் புத்தகத்தைக் கன்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதில் இருந்த தெலுங்கு எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது. இருந்தாலும் இருவரும் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினோம்.

நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினேன். அவர் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாலு நாளில் அவர் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மறுக்கத் தைரியம் இல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். அந்தக் காரில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. சந்திரகிரி தாண்டினது ஞாபகம் இருக்கிறது. சீட்டின் பழைய தோல் வாசனை ஞாபகம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியத்தை மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. சித்தூர் ஊர் எல்லையில், ரோட்டோரப் புளியமர நிழலில். வெயில் சாய்ந்துவிட்டது. கன்னியப்பன் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈச்ச ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தார். சாயங்கால ரயிலுக்கு ரேணிகுண்டா போயிருந்தால் மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் சவாரி கிடைத்திருக்கும். அந்த ரயில் இந்நேரம் வந்து போயிருக்கும்.

"எழுப்பியிருக்கலாமே கன்னியப்பன்? எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். கதவைத் திறந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நல்லா தூங்கிக்கினு இருந்தீங்க. எதுக்கு எழுப்பணும்?" என்றார். "நீங்க முழிச்சிக்கினு இருந்தாதான் சார் எனக்கு பயமா கீது."

இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. நான் வீட்டு வாசல் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டேதான் வந்தேன்.